பக்கத்து வயலே பாடம்

சிறு விவசாயிகள் புதிய சாகுபடி முறையைக் கையேட்டில் படித்து ஏற்பதைவிட, பக்கத்து வயலில் ஒரு போகம் முழுதும் பார்த்த பிறகே ஏற்கிறார்கள் என்பது என் கணிப்பு. 1989-இல் இந்தோனேசியாவில் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கிய, உழவர்கள் வயலிலேயே கூடிப் பார்த்துக் கற்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இந்த இயல்பை நம்பியே உருவாயின. இன்று பருவநிலைக்கேற்ற வேளாண்மைக்கும் அதே வழி பயன்படுகிறது.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும் என்றால் எவரும் தயங்குவர். மேல்மண் காய்ந்திருந்தும் வேருக்கு எட்டும் ஆழத்தில் நீர் நிற்பதைக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தவருக்கு அத்தயக்கம் குறைகிறது. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து வெளியாகிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இம்முறையால் குறைவது கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் ஓடும் நேரம் குறைவது தெரியும். பயிற்சியாளர் பின்னதிலிருந்து பேச்சைத் தொடங்குவதே நல்லது. கைபேசிக் குறுஞ்செய்தி மழை முன்னறிவிப்புக்கு உதவும். ஆனால் பூக்கும் தருணத்தில் வயலைக் காயவிடக் கூடாது என்பது போன்ற நுணுக்கங்கள் வரப்பில் நின்று கேள்வி கேட்கும்போதுதான் மனத்தில் பதிகின்றன.