வாய்க்கால் பாசியும் கன்னத்துச் செல்லும்

நேற்று பாளையங்கால்வாயில் பறித்து வந்த ஹைட்ரில்லா பாசியிலிருந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளி, சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். அந்த இலைக்கு இரண்டே அடுக்கு செல்கள்தான், வெட்டவே வேண்டாம், அப்படியே தெரியும். குனிந்து பார்த்த அக்கா மகள், "சித்தி, பச்சைப் புள்ளியெல்லாம் ஓடுது!" என்று கத்திவிட்டாள்.

அவள் பார்த்தது பசுங்கணிகங்களை. ஒளியைப் பிடித்து உணவு தயாரிக்கும் இவை, செல்லின் நடுவே பெரிய நீர்ப்பையான நுண்குமிழி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, செல்லை நிரப்பி நகரும் கூழான சைட்டோபிளாசத்தோடு சேர்ந்து சுவரோரமாகவே சுற்றி வருகின்றன. வாடிய கீரையில் தண்ணீர் தெளித்தால் நிமிர்வதும் அந்தப் பை மறுபடி நிறைந்து செல்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான்.

அப்புறம் அவள் கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் மெல்ல வழித்து, மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு விட்டோம். இந்தச் செல்கள் இலைச் செல்களைப் போலக் கட்டம் கட்டமாக இல்லை, சுவர் கிடையாதே, மெல்லிய சவ்வு மட்டும்தான். நடுவில் கருநீலமாக, செல்லின் கட்டுப்பாட்டு மையமான உட்கரு.

செடிக்குப் பசுங்கணிகம் இருக்கிறதே, மைட்டோகாண்ட்ரியா எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பசுங்கணிகம் சர்க்கரையைச் செய்கிறது, சரி, அதிலிருந்து செல்லுக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியாதான், செடியிலும் நம்மிலும், ராத்திரியும் பகலும்.