மொறிஸ் மைனர்: எந்த ஆண்டுக் கார், யாருடைய எஞ்சின்?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் விற்பவர் முதலில் நீட்டுவது காரின் பதிவுப் புத்தகத்தைத்தான். மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரைப் பொறுத்தவரை அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கார் பதியப்பட்ட ஆண்டும் செய்யப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அதோடு, போர்க்காலம் முழுக்க ஓடிய கார்களில் ஒன்றின் பொடி, இன்னொன்றின் எஞ்சின், வேறொன்றின் கியர்பொக்ஸ் என்று சேர்ந்திருப்பது வழமை. அப்படிக் கலந்த காரைக் கழித்துவிடத் தேவையில்லை. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துத் தெரிந்தால் அந்தக் காருக்கு ஒரு முழு வரலாறு கிடைக்கும்.

பொடியிலிருந்து தொடங்குங்கள். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு தட்டையான துண்டுகளாக இருந்தால் 1956க்கு முந்தியது அல்லது அந்த ஆண்டிலேயே செய்தது. வளைந்த ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிந்திய ‘மைனர் 1000’. கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டி 1961 வரை இருந்தது. பிறகு மினுக்கு விளக்கு வந்தது. பலர் பின்னாளில் கைகாட்டியைக் கழற்றிவிட்டு விளக்குப் பூட்டியிருப்பார்கள். அப்படியானால் தூணில் தகரம் வைத்து மூடிய நீள்துவாரத்தின் தடம் உள்பக்கம் தெரியும். மட்காட்டை நம்பவேண்டாம், அது போல்ற்றைக் கழற்றி மாற்றக்கூடியது.

அடுத்தது பொனற்றைத் திறந்தால் பின்சுவரில் இருக்கும் தகடு. மைனருக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது, பொடியே செசி. ஆனாலும் ‘செசி நம்பர்’ என்று புத்தகத்தில் ஏறுவது இந்தத் தகட்டு எண்தான். 1952 முதல் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் குறியீடு வந்தது. அதில் எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 1 என்றால் இங்கிலாந்துச் சந்தைக்கான வலக்கைக் கார் (ஸ்ரேறிங் வலப்பக்கம்), 2 என்றால் ஏற்றுமதிக்கான வலக்கைக் கார், 5 என்றால் உதிரியாக அனுப்பிப் பூட்டிய வலக்கைக் கார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் குறியீடு மாறியது. ‘எம்ஏ2எஸ்3’ என்றால் மொறிஸ், ஏ வகை எஞ்சின், இரண்டு கதவு சலூன், மூன்றாம் வரிசை. கடைசி இலக்கம் 5 என்றால் 1962க்குப் பிந்திய 1098 சிசி கார். தகட்டின் றிவெற்றுகளையும் பாருங்கள். சுற்றியுள்ள தகரம் பழையதாக இருக்க றிவெற் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், தகடு இன்னொரு காரிலிருந்து வந்திருக்கலாம்.

தகட்டைச் சுத்தம் செய்ய மணல்தாளோ கம்பிப் பிரசோ வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எண்ணும் நிழல் விழுந்து தெரியும். அதற்கும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். 3க்கும் 8க்கும் இடையில்தான் அதிகம் தடுமாறுவது.

எஞ்சினில்தான் சிக்கல் கூட. எஞ்சின் எண் புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே, சிறு தகட்டில் இருக்கும். ‘9எம்’ என்றால் 948 சிசி மொறிஸ், ‘10எம்ஏ’ என்றால் 1098 சிசி. ‘9ஏ’ என்று கண்டால் அது ஒஸ்ரின் ஏ35இலோ ஏ40இலோ இருந்து வந்த எஞ்சின். இடையில் வரும் எச் கூடிய அழுத்தத்தையும் (கொம்பிரஷன்) எல் குறைந்த அழுத்தத்தையும் குறிக்கும்: 948இல் அந்த விகிதம் முறையே 8.3க்கு 1, 7.2க்கு 1.

இந்த எல் எழுத்துக்கு எங்கள் ஊரில் தனிப் பெறுமதி இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடியது. மண்ணெண்ணெய் எளிதில் ‘தட்டும்’ (நேரத்துக்கு முன்னே தானாக வெடிக்கும்) எரிபொருள் என்பதால் குறைந்த அழுத்த எஞ்சினே தாக்குப்பிடிக்கும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், பெயறிங் தேயும். எஞ்சின் மாறியதற்கு இது ஒரு முக்கிய காரணம். பின்சுவரில் மேலதிகக் குழாய்த் துளை, எரிபொருளை மாற்றிவிடும் இருவழி வால்வு, பொனற்றுக்குள் சிறு எரிபொருள் தாங்கி பொருத்திய அடையாளம் இருந்தால் அடைத்துப் பெயின்ற் அடித்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக்கு அவைதான் சாட்சி.

கியர்பொக்ஸின் வெளிப்புறத்தில் வரம்புபோல மேடுகள் ஓடினால் 1098 காருடையது, வழுவழுப்பானால் அதற்கு முந்தியது. பின்னச்சில் உள்ள பல்சில்லுத் தொகுதியான டிஃபரன்ஷலை அறிய, கியரை நடுவில் விட்டு, ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கி, மற்றச் சில்லுகளுக்கு நன்றாக முட்டுக் கொடுத்து, தூக்கியதை 20 சுற்றுச் சுற்றுங்கள். கியர்பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டான புறொப் ஷாவ்ற் ஏறத்தாழ 42 தடவை சுற்றினால் 4.22 விகிதம், அதாவது 1098 கார். 45½ என்றால் 4.55, 948 கார். டைனமோ, ஸ்ராட்டர், டிஸ்ரிபியூற்றர் ஆகிய லூக்காஸ் நிறுவன உதிரிகளின் உடலில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். மூன்றும் ஒரே காலத்தைக் காட்டினால் அவை காரோடு வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி நம்பர் பிளேற். எண்ணோடு சேர்த்து எழுதும் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து 1957இல் வந்தது. அதற்கு முன் ஈஎல், ஈஎன், ஈவை போன்ற இரட்டை எழுத்துகள். பிரிந்த கண்ணாடிக் காருக்கு ஸ்ரீ எண் இருந்தால் பிந்திப் பதிந்ததா, பொடி மாறியதா என்று கேட்கவேண்டும். சிங்கள ஸ்ரீயை எதிர்த்த தமிழரசுக் கட்சியின் போராட்டத்தின்போது தமிழ் ஸ்ரீ எழுதியும் கார்கள் ஓடின. ஆகவே பழைய தகரப் பிளேற்றைப் பெயின்ற் நீக்கி ஊற்றி உரிக்காமல், அடுக்குகளோடு வைத்திருங்கள்.

கடைசியாகக் கடதாசி. இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து கட்டணத்துக்குச் சான்றிதழ் தருகிறது. தகட்டு எண்ணின் முன்னெழுத்துகளையும் சேர்த்து முழுதாக எழுதி, படத்தோடு அனுப்புங்கள். செய்த திகதி, நிறம், முதல் எஞ்சின் எண் ஆகியவை பதிவேட்டில் இருந்தால் கிடைக்கும். அந்த எண் இப்போதுள்ள எஞ்சினோடு பொருந்தாவிட்டால், பழைய எண்ணைப் புதிய புளொக்கில் குத்தாதீர்கள். இப்போதுள்ள எண்ணை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றமாகப் பதிந்து, சான்றிதழைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.