கொரோலாவின் ஹெட் கஸ்கட்: கல்லடியில் நான்கு சனிக்கிழமை

வினை தொடங்கியது லுணுகலை ஏற்றத்தில். செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியில் மகாஓயா, பிபிலை வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மலை ஏறத் தொடங்கியதும் சூட்டு முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. மட்டக்களப்பில் ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது, கல்லடிப் பாலம்தான். அதனால் என்ஜினின் குறை இங்கே இருந்தவரை வெளியே தெரியவில்லை. மகாஓயா வெந்நீர் ஊற்றிலேயே நின்றிருக்கலாம், கொதிக்கிற தண்ணீர் சும்மா கிடைத்திருக்கும் என்று மச்சான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

வண்டி கொரோலா 110. என்ஜின் 5ஏ-எஃப்ஈ, 1498 சிசி.

ஊருக்கு வந்த பிறகும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு கராஜில் ஓட்டை அடைக்கும் மருந்து ஒரு போத்தல் ஊற்றி அனுப்பினார்கள். பத்து நாள் தாங்கியது. சரி, இனி நானே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் சனி. விடியற்காலை, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சோடா உடைத்த மாதிரி குமிழி, நிற்கவே இல்லை. பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்று மண்ணிறம், இரண்டாவது மட்டும் விம் போட்டுத் தேய்த்த கரண்டி போலப் பளபளவென்று இருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் நீராவியாகிக் கழுவியிருக்கிறது. அப்படியென்றால் போனது ஹெட் கஸ்கட், என்ஜினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. ஆயில் மூடியில் பால் தேத்தண்ணீர் நிறப் பசை இல்லாதது ஒரு ஆறுதல். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பெயாரிங் வரைக்கும் பயந்திருக்க வேண்டும்.

கஸ்கட் ஏன் இப்படி அகப்படுகிறது என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஹெட்டின் நீளத்தை 40 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 80 பாகை சூடேறும்போது அலுமினியம் 0.7 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே நீளும். இரும்பு அதில் பாதிதான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் உராய்ந்துகொண்டே எரியும் வாயு, ஆயில், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடிக்க வேண்டியது அந்தத் தகடு. சூடு அளவு மீறினால் ஹெட் வளையும். வளைந்த ஹெட்டுக்கு எந்தக் கஸ்கட்டும் தாங்காது.

இரண்டாம் சனி முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. காத்தான்குடியிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானா வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டின் பல்சக்கரம் ஒன்று ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு. கழற்ற முன் 6 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றை முடுக்கி அதைப் பூட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லியிராவிட்டால் அன்றைக்கே சிக்கியிருப்பேன். ஹெட் போல்ட் பத்து, 90 மில்லிமீற்றரிலும் 108 மில்லிமீற்றரிலும் இரண்டு நீளம். பிஸ்கட் பெட்டி அட்டையில் பத்து ஓட்டை போட்டு, ஹெட்டில் இருந்த இடப்படியே குத்தி வைத்தேன். தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு.

ஹெட் வெளியே வந்ததும், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே கஸ்கட் கருகி ஒரு கோடு தெரிந்தது. நேர்விளிம்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜைச் செருகினேன். கையேட்டில் எல்லை 0.05 மில்லிமீற்றர். எனக்கு 0.10 தகடு தடையில்லாமல் நுழைந்தது. திங்கள் லேத்துக்குக் கொடுத்து முகம் சீவி எடுத்தோம்.

நானா கஸ்கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. “தம்பி, இத மாத்துறது பெரிய வேலையில்ல. ஏன் சூடேறிச்சிண்டு பாத்தீங்களா?” என்றார்.

பார்க்கவில்லை. என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அம்மாவின் பழைய சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். 82 பாகை அளவில் வாய் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் மூடியபடியே கிடந்தது. சுற்றிலும் வெள்ளைப் படிவு. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் இரண்டு வருடமாக ரேடியேட்டருக்கு ஊற்றினேன். தேத்தண்ணீரில் உவர்ப்பு தெரிகிற தண்ணீர் என்ஜினுக்கு மட்டும் இனிக்குமா? எங்கள் பக்கத்தில் பலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என்ஜின் சூடாக நேரமெடுக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். புதிது போட்டேன்.

மூன்றாம் சனி சுத்தம் செய்தது மட்டும்தான். பிளாக்கின் முகத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டினேன். மண்தாள் வேண்டவே வேண்டாம் என்றார் நானா, துகள் ஆயிலில் போய்ச் சேரும். போல்ட் குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத் துணித்திரியால் ஒற்றி எடுத்துக் காற்றடித்தேன். குழியில் தண்ணீர் நின்றால் போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரெஞ்ச் பொய் சொல்லும், பிளாக் வெடிக்கவும் கூடும்.

நான்காம் சனி பூட்டல். கஸ்கட்டை உலர்வாகவே வைத்தேன், பசை கிசை ஒன்றும் பூசவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக 29 நியூட்டன் மீற்றர் வரை. அப்புறம் ஒவ்வொரு போல்ட் தலையிலும் முன்பக்கம் பார்த்து வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து 90 பாகை, மறுபடி 90 பாகை. இரண்டாம் திருப்பில் கைப்பிடி கொடுத்த எதிர்ப்பில் எனக்கு வேர்த்துவிட்டது. ஏதாவது ஒன்று முறிந்துவிடும் என்றே நினைத்தேன். கடைசியில் பத்துப் புள்ளியும் பின்பக்கம் பார்த்தன.

போத்தல் கூலண்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவிட்டுக் காற்று வெளியேற்றினேன். குமிழி இல்லை. ரிசேர்வ் தாங்கியில் பேனாவால் கீறிய கோட்டை தினமும் காலையில் பார்க்கிறேன்; மூன்று வாரமாக அசையவில்லை. தைப்பொங்கல் லீவில் லுணுகலைக்குப் போகிறோம். மச்சானும் வருகிறான்.