புதுசுன்னே போட்டுக்கலாம்

அந்த வார்த்தையை முதலில் சொன்னது சின்னவரா, நானா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் டிரேட்மார்க் ஏஜென்ட். வியாபாரப் பெயரைப் பதிய டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது ஒரு கட்டம் வரும். இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? தேதி போடலாம். இல்லாவிட்டால் இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று போடலாம். தேதி போட்டால் அஃபிடவிட் வேண்டும், நோட்டரி கையெழுத்து வேண்டும், பழைய பில், லேபிள், விளம்பரம் என்று ஆதாரம் தேட வேண்டும். இனிமேல்தான் என்றால் எதுவும் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஃபைல் பண்ணிவிட்டுக் கிளம்பலாம்.

"எப்ப இருந்து சார் இந்தப் பேர் ஓடுது?" என்று, தேங்காய் எண்ணெய்க்குப் பெயர் பதிய வந்த சின்னவரிடம் கேட்டேன். கேட்டது நிச்சயம். "அது அப்பா காலத்துல இருந்தே ஓடுதுங்க" என்றார். அதுவும் நிச்சயம். "பழைய பில் ஏதாவது கிடைக்குமா?" என்றேன். "இருக்கும்ங்க. ஆனா அதெல்லாம் பழைய ஃபர்ம் பேர்ல இருக்குதுங்க. நோட்டுப் புஸ்தகமெல்லாம் அண்ணன்கிட்ட கெடக்குது." அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. டேபிளில் அவருக்கு வைத்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த வரி: "புதுசுன்னே போட்டுக்கலாம்."

ஒருநாள் அது அவர் குரலில் கேட்கிறது, ஒருநாள் என் குரலில். சின்னவர் காங்கேயத்துக்காரர். 'ங்க' போடாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராது, சொந்த டிரைவரிடம்கூட. நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஈரோட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த 'ங்க' எனக்குப் பாதிதான் ஒட்டியிருக்கிறது. என் ஞாபகத்தில் இருக்கும் அந்த வரியில் 'ங்க' இல்லை.

ஞாபகத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். நினைத்து நினைத்தே 'ங்க' தேய்ந்து போயிருக்கலாம்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அப்பா போனபிறகு சொந்தபந்தம் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். ஆயில் மில்லும் கொப்பரைக் களமும் அண்ணனுக்கு. பேக்கிங் ஷெட்டும் டவுனில் இருந்த கடையும் தம்பிக்கு. தென்னையை எண்ணிப் பிரித்தார்கள். கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்று எழுதிக்கொண்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் பாகப்பிரிவினை எழுதுவதில் கெட்டிக்காரர்கள், தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரியில் யார் வண்டி போகலாம் என்பது வரை விடமாட்டார்கள். ஆனால் எண்ணெய் டப்பாவில் இருந்த அம்மாவின் பெயர் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதே பெயரில் விற்றார்கள். அண்ணன் டின்னில், ஊர்க் கடைகளுக்கு. தம்பி அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில், ஆன்லைனிலும். ஆன்லைனில் பிராண்டைப் பதிந்துகொள்ள டிரேட்மார்க் கேட்டார்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

வரும்போது "நம்ம ஈரோட்டு மஞ்சளுக்கு வாங்கினாங்களே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டார். நிறையப் பேர் அப்படிக் கேட்பார்கள். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. பவானி ஜமக்காளத்துக்கும் கோவை கிரைண்டருக்கும் இருப்பது அதுதான். அது ஊருக்குச் சொந்தம், யாரும் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டிரேட்மார்க் அப்படி இல்லை, அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும், விண்ணப்பத்திலேயே பெயர் எழுத வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப என் பேர்லயே போட்டுருங்க" என்றார். விளக்கியவன் நான், முடிவு செய்தவர் அவர்.

பணக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்ந்தது. டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சமையலுக்கு என்றால் 29-ஆம் வகுப்பு, தலைக்கு என்றால் 3. ஒரே எண்ணெய்தான், ஆனால் இரண்டு வகுப்பு, இரண்டு கட்டணம். ஆன்லைனில் ஃபைல் செய்தால் தனி நபருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், சிறுதொழில் சான்று இல்லாத கூட்டு நிறுவனத்துக்கு 9,000. பழைய ஃபர்ம் பெயரில் போனால் 18,000. இவர் பெயரில் 9,000. பாதிப் பணம், பாதி வேலை. படத்தையும் விடச் சொன்னேன். லேபிளில் அம்மா முகம் இருந்தது. வெறும் பெயரைச் சொல்லாகப் பதிந்தால் எந்த எழுத்தில், எந்தக் கலரில் யார் போட்டாலும் பிடிக்கலாம், பாதுகாப்பு அகலம் என்றேன். அது உண்மை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் படம் இருந்திருந்தால் அந்த அம்மா யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற பேச்சு எங்கேயாவது வந்திருக்கும். அது அப்போதே எனக்குத் தோன்றியதா, இல்லை இப்போது குற்ற உணர்ச்சியில் சேர்த்துக்கொள்கிறேனா தெரியவில்லை.

மீதியெல்லாம் வழக்கம்போல நடந்தது. டிரேட்மார்க் அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையில் இதே மாதிரிப் பெயர் ஒன்றைக் காட்டி ஆட்சேபித்தார்கள். ஒரு மாதக் கெடுவுக்குள் பதில் போட்டேன். ஜர்னலில் வந்தது. அதிலிருந்து நாலு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்கவில்லை. விடியற்காலையில் கொப்பரை ஏலத்துக்குப் போகிற மனிதர் டிரேட்மார்க் ஜர்னலை எப்படிப் பார்ப்பார்? சட்டப்படி உலகத்துக்கே அறிவித்தாகிவிட்டது. அண்ணன் தோட்டமும் தம்பி தோட்டமும் ஒரே வரப்பில், அங்கே மட்டும் செய்தி போகவில்லை. சான்றிதழ் வந்த அன்று சின்னவர் ஒரு டப்பா எண்ணெயும் ஸ்வீட்டும் கொண்டுவந்தார். "இனி ஆர் போட்டுக்கலாமுங்களா?" என்றார். பதிவுக்கு முன்னால் வட்டத்துக்குள் ஆர் போட்டால் அப்போதிருந்த சட்டப்படி ஜெயில் வரைக்கும் போகும் என்று நான் பயமுறுத்தி வைத்திருந்ததால், மனிதர் அத்தனை நாளும் டிஎம் மட்டும்தான் போட்டிருந்தார். அந்த மட்டும் நேர்மையானவர். அந்த எண்ணெயில் வீட்டில் முறுக்கு சுட்டோம்.

பெரியவர் வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, கையில் வக்கீல் நோட்டீஸோடு. நோட்டீஸ் நான் அனுப்பியதல்ல. அதை அவரிடம் முதலிலேயே சொன்னேன். சொன்ன வேகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோபமே இல்லை.

"ஏனுங் தம்பி, எங்கம்மா பேரைப் போட்டு எண்ணெய் விக்கறதுக்கு நான் யாருகிட்டங்க கேக்கோணும்?"

நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய லேபிளை எடுத்து டேபிளில் வைத்து விரலால் நீவிவிட்டார். எண்ணெய் ஏறி மஞ்சளாகியிருந்தது. அம்மா முகம், பெரிய மூக்குத்தி. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், பக்கத்தில் 1996.

"அன்னைக்கு அவன் வந்தப்ப, உங்கண்ணனுக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா போதுமுங்களே."

"அது எங்க வேலை இல்லீங்க" என்றேன். அந்த ஒரு இடத்தில் எனக்கு 'ங்க' சரியாக வந்தது.

அது பொய்யில்லை. வருகிறவரின் குடும்பத்தைத் துருவுவது ஏஜென்ட் வேலை இல்லை. படிவத்தில் நான்தான் உரிமையாளர் என்று சொல்வது அவர் பொறுப்பு. ஆனால் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்பது என் வேலை. கேட்டேன், பதிலும் கிடைத்தது, அந்தப் பதிலை எழுதவில்லை.

இன்னொன்று. டிரேட்மார்க் சட்டத்தில் 34-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்தவராகவே இருந்தாலும், தனக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவரை அவர் தடுக்க முடியாது. இனிமேல்தான் என்று நாங்கள் போட்டதால் சின்னவரின் கணக்கு விண்ணப்பத் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1996 லேபிள் வைத்திருக்கிற அண்ணனுக்கு அது சாதகம். அப்படிப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் சோம்பேறித்தனமாக ஒரு டிக் போட்டு நான் பெரியவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். கெடுத்தது என்னிடம் பணம் கொடுத்தவரை. எப்படிப் பார்த்தாலும் ஒருவருக்குத் தப்பு செய்திருக்கிறேன், யாருக்கு என்பதில்தான் குழப்பம்.

அந்தப் பிரிவை நான் பெரியவரிடம் சொல்லவில்லை. என் கட்சிக்காரர் தம்பி. எதிர்த் தரப்புக்கு வழி சொல்லித் தர முடியாது. "ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க, பழைய கணக்கு நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். கணக்கு நோட்டு என்று சொன்னதே கோட்டைத் தாண்டியது என்று ஒரு மனசு சொல்கிறது. அவர் தலையாட்டினார். வைத்த டீயைக் கடைசி வாய் வரை குடித்தார். தம்பி குடிக்காமல் போனது அப்போது ஞாபகம் வந்தது, தேவையில்லாமல்.

இப்போது வருகிறவர்களிடம் குடும்பத்தில் வேறு யாராவது இந்தப் பெயரில் தொழில் செய்கிறார்களா என்று கேட்கிறேன். போன மாதம் பெருந்துறையிலிருந்து வந்த ஒருவர் "அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். வேறு யாரிடமாவது போய்ப் போட்டிருப்பார். புதுசு என்றுதான் போட்டிருப்பார்கள்.

பெரியவர் கிளம்பியபிறகுதான் பார்த்தேன், லேபிளை எடுத்துக்கொள்ள மறந்திருந்தார். மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா தெரியாது. அவர் வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அவர் வீட்டில் அந்த மாதிரி நூறு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். நோட்டீஸ் உறையின் மேல் அவரே எழுதிக் கொடுத்த போன் நம்பர் என் டைரியில் இருக்கிறது. லேபிள் டிராயரில், சின்னவரின் ஃபைலுக்கு மேல் கிடக்கிறது. ஃபைலுக்கு உள்ளே வைக்க மனசு வரவில்லை. ஃபைல் அட்டையில் எண்ணெய்க் கறை இறங்க ஆரம்பித்திருக்கிறது.