மூன்றாவது டம்ளர்

கல்யாணமாகி 3 வருஷம் கழித்துத்தான், குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போனோம். எனக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கணவருக்கு விந்துப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"ரெண்டு" என்றேன். "மூணு இருக்கும்" என்றார் இவர். "ஒரு வாரம் எழுதிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டோம். நான் சொன்ன இரண்டு காபி சரிதான். ஆனால் ஆபீஸ் மெஷின் காபி, 4 மணி டீ, 'டிகாக்ஷன் வீணாகுதே' என்று ஊற்றிக்கொள்ளும் அரை டம்ளர் எதையும் நான் காபிக் கணக்கில் சேர்த்ததே இல்லை. இவருக்கு நைட் ஷிப்டில் எனர்ஜி டிரிங்க் வேறு. எங்கள் பொடியோ சிக்கரி கலக்காத சுத்தப் பொடி, அதில் எனக்குப் பெருமை! காபி, டீயில் இருக்கும் ஊக்கப் பொருளான காஃபின் சிக்கரியில் கிடையாது. 60 பங்கு காபிக்கு 40 பங்கு சிக்கரி கலந்த பொடி வாங்குகிறவர்கள் எங்களைவிடக் காஃபின் குறைவாகத்தான் குடித்திருக்கிறார்கள்.

கருத்தரிக்க முயலும் பெண் காஃபினை நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்றார் டாக்டரம்மா. நம் ஊர்க் கணக்கில் சின்ன டம்ளர் இரண்டு. காபியால்தான் குழந்தை நிற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆய்வுகள் ஒரே பக்கமாக இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

"ஆம்பளைக்கு என்ன காபிக் கணக்கு?" என்றார் அத்தை. 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். கருத்தரிப்பதற்கு முந்தைய வாரங்களில் தினமும் இரண்டுக்கு மேல் காஃபின் பானம் குடித்த தம்பதிகளுக்குக் கருச்சிதைவு அதிகம் இருந்ததாம். குடித்தது கணவன் என்றாலும் அப்படித்தான். காபிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அத்தையிடம் சொன்னேன். மறுநாள் இவர் டபராவும் சின்னதாகிவிட்டது.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியும் நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் நெற்றிப்பொட்டு தெறித்தது. அலமாரியில் இருந்த தலைவலி மாத்திரையைப் போட்டதும் அரை மணியில் சரியாகிவிட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அதிலும் காஃபின்! அப்புறம்தான் வாரத்துக்கு அரை டம்ளர் வீதம் குறைத்தேன். மாலையில் சுக்கு காபி. பேரில் மட்டும்தான் காபி.

இவர் கூடவே சிகரெட்டையும் விட்டார். அதில் ஒரு வேடிக்கை. புகை பிடிப்பவர் உடம்பு காஃபினைச் சீக்கிரம் கழித்துவிடுமாம். சிகரெட் போனதும், முன்பு மூன்று குடித்தும் தூங்கியவர், சாயங்காலம் ஒன்று குடித்ததற்கே நள்ளிரவில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் 3 மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. எண்ணிக்கை கூடியிருந்தது. "காபியா, சிகரெட்டா, தூக்கமா?" என்று கேட்டேன். "தெரியாது, மூணையும் அப்படியே வெச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்த மாதவிலக்கின் 2ஆம் நாள் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். காபிக் கோடு போட்ட தாளிலேயே அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.