ஒவ்வொரு பல்லும் சரி, கியர் மட்டும் தப்பு

விமானத்தின் அசையும் பரப்புகளைத் திருப்பும் ஆக்சுவேட்டர்களுக்குப் போகும் கியர்களை அளந்து பார்ப்பது என் வேலை. ஷாப்பில் பலருக்கும் பல்லின் வடிவத்தைப் பற்றித்தான் கவலை. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ரன்அவுட்: பற்களின் மையம் ஓரிடம், தண்டு நுழையும் துளையின் மையம் வேறிடம்.

பெரும்பாலும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம்தான் இது நுழைகிறது. கார்பரைசிங் (எஃகின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது) முடிந்து வரும் கியர் கொஞ்சம் கோணியிருக்கும். துளையை கிரைண்ட் செய்யும்போது பற்களுக்கு இடையே பின் வைத்துப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் வெளிவிட்டத்தைப் பிடித்து ஓட்டினால் துளை அழகாக வரும், பற்கள் ஒருபக்கமாக நிற்கும்.

விலகல் 0.02 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குள் மையதூரம் (இரு கியர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 0.04 மி.மீ. கூடிக் குறைவதற்குச் சமம் அது. 20 டிகிரி அழுத்தக்கோணத்தில் (பல்லும் பல்லும் அழுத்தும் திசையின் சாய்வு) பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலான ஆட்டம், சுமார் 0.03 மி.மீ. மாறும். 50 மி.மீ. ஆரமுள்ள கடைசி கியரில் அது ஏறக்குறைய 0.033 டிகிரி. அமெரிக்க ராணுவ விமானங்களுக்கான எம்ஐஎல்-ஏ-8870 விதி, முழுசாகத் திரும்பும் வால்பரப்புக்கு அனுமதித்த மொத்த ஆட்டமே 0.034 டிகிரிதான். ஆட்டம் மிஞ்சினால் காற்றில் ஃபிளட்டர், அதாவது கட்டுக்கடங்காத அதிர்வு, வரும் அபாயம்.

மோட்டார் பக்கத்து முதல் கியர் ஜோடியின் ஆட்டம் வேகக்குறைப்பில் வகுபட்டுக் கரைந்துவிடும். கடைசி ஜோடியின் ஆட்டம் அப்படியே பரப்புக்குப் போய்ச் சேரும். கறாரான டாலரன்ஸ் அங்கேதான் தேவை. எல்லா கியருக்கும் ஒரே கிரேடு (துல்லியத் தரம்) எழுதிய டிராயிங்கைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

“அப்போ பேக்லாஷே இல்லாம இறுக்கிடலாமே அண்ணே?” என்று புதிதாக வந்த தம்பி கேட்டார். நாம் அளப்பது 20 டிகிரி செல்சியஸ் அறையில். மேலே பறக்கும்போது மைனஸ் 50. கியர்களைத் தாங்கும் அலுமினிய ஹவுசிங் (வெளிக்கூடு) கியரின் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 70 மி.மீ. மையதூரத்தில் கியர்கள் சுமார் 0.05 மி.மீ. நெருங்கிவிடும், பேக்லாஷில் 0.04 மி.மீ. காலி. அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். ரன்அவுட் உள்ள கியரில் லூஸான பக்கத்துக்காக இறுக்கினால், டைட்டான பக்கம் குளிரில் பிடித்துக்கொள்ளும்.

பல்லின் வடிவத்தை மட்டும் அளந்தால் இது சிக்காது. மாஸ்டர் கியரோடு (ஒப்பிட வைத்திருக்கும் மிகத் துல்லியமான கியர்) சேர்த்து ஒரு முழுச் சுற்று உருட்ட வேண்டும், சார்ட்டில் ஒரே ஒரு பெரிய அலையாக எழும். பல்லை மறுபடி கிரைண்ட் செய்ய அலவன்ஸ் (மிச்சம் விட்ட உலோகம்) இல்லையென்றால், அந்த கியர் ஸ்கிராப்தான்.