ஹாங்சோ கோயிலில் பூட்ஸ் போட்ட கந்தன்

பங்குனி உத்திரத்தன்று முருகன் கோயில் வாசலை மிதிக்காத வருடம் என்று எனக்கு ஒன்று இருந்ததே இல்லை. கோவையில் இருந்தால் மருதமலை, வேறு எங்காவது மாட்டிக்கொண்டால் பக்கத்தில் எந்த முருகன் கோயில் இருக்கிறதோ அது. இந்த முறை உத்திரம் வந்தபோது நான் இருந்ததோ ஷாங்காயில், பையன் வீட்டில். காலையிலேயே குளித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் போல. "கிளம்புங்கம்மா, ஹாங்சோவுக்குப் போயிட்டு வரலாம். பழைய கோயில் ஒண்ணு இருக்கு, நம்ம நாட்டுச் சாமியார் வந்து ஆரம்பிச்சது" என்றான். புத்தர் கோயில்தானே, இருக்கட்டும், ஏதோ ஒரு கோயில் என்று கிளம்பினேன்.

அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மேலே சொர்க்கம், கீழே சூசோவும் ஹாங்சோவும் என்று சீனர்கள் ஒரு சொலவடை சொல்வார்களாம். ஆனால் நாங்கள் முதலில் ஹாங்சோவின் பேர்போன ஏரிக்குப் போகவில்லை, சாமி கும்பிடாமல் ஊர் சுற்றக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக மலையடிவாரத்தில் இருக்கும் லிங்யின் கோயிலுக்கே முதலில் விடச் சொன்னேன். போனால் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். அப்புறம்தான் பையன் விளக்கினான். சீனச் சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கோயிலுக்குப் போக விசேஷமான நாட்களாம். நம் அமாவாசை, பௌர்ணமி. ஆக எனக்கு உத்திரம், அவர்களுக்குப் பதினைந்தாம் நாள்!

நுழைகிற இடத்தில் ஒரு மஞ்சள் சுவர், அதில் ஆள் உயரத்துக்கு நான்கு சீன எழுத்து. "மேற்குச் சொர்க்கம் கைக்கெட்டும் தூரத்தில்" என்று அர்த்தமாம். மேற்குச் சொர்க்கம் என்றால் அமிதாப புத்தரின் சுகாவதி, அதோடு பழைய சீனத்தில் இந்தியாவுக்கும் அதே பெயர்தான். என் வீட்டைப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

கி.பி. 328 வாக்கில் இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர், சீனர்கள் ஹுயிலி என்கிறார்கள், நம் பெயர் என்னவாக இருந்ததோ, இங்கே நின்று எதிரே இருந்த பாறை மலையைப் பார்த்துத் திகைத்துப்போனாராம். இது பீகாரின் ராஜகிருகத்தில் இருக்கும் கழுகு மலையின் ஒரு துண்டாயிற்றே, இங்கே எப்போது பறந்து வந்தது என்று கேட்டாராம். அன்றிலிருந்து அதற்குப் பறந்து வந்த மலை என்றே பெயர், ஃபெய்லாய் ஃபெங். கதைதானே என்று நினைத்தால், சுற்றியிருக்கும் மலையெல்லாம் மணற்கல், இது ஒன்று மட்டும் சுண்ணாம்புக்கல். அந்த மனிதர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். பாறை முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், பத்தாம் நூற்றாண்டில் ஆரம்பித்து மங்கோலிய அரசர்கள் காலம் தாண்டியும் செதுக்கியிருக்கிறார்கள். அதில் தொந்தியும் தொப்பையுமாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கும் மைத்ரேயரை, அதாவது இனி வரப்போகும் புத்தரைப் பார்த்ததும் என் கை தானாகத் தலையில் குட்டிக்கொள்ளப் போய்விட்டது. பிள்ளையார் பழக்கம். ஹுயிலியின் அஸ்தியை வைத்த இடம் என்று சொல்லப்படும் சின்னக் கல் கோபுரம் ஒன்று ஓடைப் பக்கம் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு நிமிடம் நின்று, அய்யா நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோயிலுக்குள் ஆளுக்கு மூன்று ஊதுபத்தி இலவசமாகத் தருகிறார்கள். வெளியிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு போக வேண்டிய வேலை இல்லை, இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய கொப்பரை மாதிரி ஒன்றில் நெருப்பு இருக்கிறது, அதில் பற்றவைத்து நெற்றிக்கு நேரே பிடித்து நாலு திசைக்கும் குனிகிறார்கள். தூறலில் என்னுடையது பற்றவே இல்லை. என் வயதிருக்கும் ஒரு அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே தன் பத்திகளைச் சாய்த்து என்னுடையதில் நெருப்பு வைத்துக் கொடுத்தார். எங்கள் பேச்சு "ஷியே ஷியே"யோடு முடிந்தது, நன்றி என்று சொல்ல எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான். வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்று பேரனை அதட்டிக்கொண்டிருந்தார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதல் மண்டபம் நான்கு திசைக் காவலர்கள் இருப்பது. நடுவில் வாசலைப் பார்த்துச் சிரிக்கும் மைத்ரேயர். அவர் முதுகுக்குப் பின்னால், உள் பிராகாரத்தைப் பார்த்தபடி ஒருத்தர் நிற்கிறார். இளைஞர், கவசம், தலையில் கிரீடம் மாதிரி இரும்புத் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் தண்டாயுதம். ஒரே கற்பூர மரத்தில் செதுக்கியது, தெற்குச் சோங் காலத்தது, எண்ணூறு வருடத்துக்குக் குறையாது, கோயிலில் மிச்சமிருக்கும் சிலைகளில் பழையது அதுதானாம். பெயர் வெய்துவோ. பையன் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தவன் திடீரென்று நிறுத்தி, "அம்மா, இது நம்ம கந்தன்ங்கறாங்க" என்றான்.

ஸ்கந்தன் என்ற பெயரைச் சீனத்தில் எழுதியபோது முதல் எழுத்து உதிர்ந்து, அடுத்த எழுத்து அதே சாயலில் இருந்த இன்னொன்றாகப் பிசகி, கடைசியில் வெய்துவோ ஆகிவிட்டது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். புத்தரின் தர்மத்தைக் காக்கும் தளபதி. தேவசேனாபதிக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? மயில் இல்லை, வேல் இல்லை, வள்ளியும் இல்லை. ஆனால் அந்த இளமை இருக்கிறது. இந்த நாளில் வந்து சரியாக இவர் முன்னால் நிற்கிறேனே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைப்பையில் எப்போதும் மருதமலை விபூதிப் பொட்டலம் இருக்கும், ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு "சரவணபவ" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பெரிய மண்டபத்து சாக்கியமுனி புத்தர் 24 கற்பூர மரத்துண்டுகளைச் சேர்த்து 1956-இல் செய்தவர், பீடத்தோடு 24.8 மீட்டர். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. அவருக்குப் பின்புறம் கடல்மேல் நிற்கும் குவான்யின். நம் அவலோகிதர் என்ற போதிசத்துவர்தான், சீனத்தில் அம்மனாகிவிட்டார். அகத்தியர் தமிழைக் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது என்பதைப் பையனுக்கு நான் சொன்னேன். போனில் படிக்காமல் நானும் ஒன்று சொன்னதில் ஒரு திருப்தி.

சாப்பாட்டுக் கவலையும் இல்லை, கோயில் பக்கத்திலேயே சைவ நூடுல்ஸ், காளானும் மூங்கில் குருத்தும் போட்டு. உப்பு கொஞ்சம் கம்மி.

மதியத்துக்கு மேல்தான் ஏரி. மேற்கு ஏரி என்கிறார்கள், தூறலில் அக்கரை மலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகின்றன. கவிஞர் சூ தோங்போ இந்த ஊர் அதிகாரியாக இருந்தபோது, 1090 வாக்கில், தூர்வாரிய சேற்றைக் கொட்டியே போட்ட கரை இன்றும் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டருக்கு நீள்கிறது. தூர்வாரிய மண் எங்கே போனது என்று கேட்கிற நமக்கு இது கொஞ்சம் பொறாமைதான். லெய்ஃபெங் கோபுரத்தைத் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டேன். பழைய கோபுரத்துச் செங்கல்லை வீட்டில் வைத்தால் நல்லது என்று ஆளாளுக்குப் பெயர்த்துப் பெயர்த்து 1924-இல் அது விழுந்தேவிட்டது, இப்போதிருப்பது 2002-இல் கட்டியது. கால் வேறு வலி. ஒரு யுவான் நோட்டின் பின்பக்கப் படத்தைப் பிடித்து, ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மூன்று கல் விளக்குகளும் அதோடு ஒத்துப்போகிறதா என்று எல்லோரையும் போல நானும் பார்த்தேன்.

ராத்திரி ரயிலில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். முருகனைப் பார்த்தேன் என்றதும் நம்பவில்லை. "சீனாவுலயா? மயில் இருந்துச்சா?"

"மயில் இல்லைங்க. பூட்ஸ் போட்டிருக்கார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "குளிரா இருக்குமோ அங்க?"